ஒற்றைக்கண் பேய்

போன மாதம் ஒரு நாள் எங்கள் பனியன் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் பேக்கிங் செக்‌ஷன் அக்கா ஒருவர் தன் போனை என் டிபன் பாக்ஸ் மேல் சாய்த்து வைத்து, "மொதல்ல இதப் பாருங்க, அப்பறம் சாப்பிடுங்க" என்றார். ஒரு சிறுமி பேசிக்கொண்டிருந்தாள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, கையில் முகத்தை மறைக்கும் அளவுக்கு ஒரு மைக். கதைப் புத்தகம் படித்ததால் தன்னைப் பிடிக்க வந்த பேயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். திக்கவில்லை, திணறவில்லை. எங்கே நிறுத்தினால் எதிரில் இருப்பவர்கள் மூச்சைப் பிடிப்பார்களோ அங்கே சரியாக நிறுத்தினாள். அந்தச் சிறுமி நான்தான்.

அக்காவுக்கு அது தெரியாது. "என்ற பையன் எந்நேரமும் மந்திரவாதிப் படமே பாத்துட்டு இருந்தானுங்க. இதப் போட்டுக் காட்டுனேன். இப்ப டிவிப் பக்கமே போறதில்லீங்க. தனியா பாத்ரூம் போறதுக்கே பயப்படறான்" என்றார். பையனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று சொல்வதுபோலச் சந்தோஷமாகச் சொன்னார்.

அந்த வீடியோ எடுக்கப்பட்டது ஒரு ஜெபக்கூட்டத்தில். இப்போது சுற்றி வருவதில் பாஸ்டர் இல்லை, பின்னால் தொங்கிய பைபிள் வசனத் துணியும் இல்லை. யாரோ ஓரங்களை வெட்டியெறிந்துவிட்டு ஆரம்பத்தில் முருகன் வேல் படம் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். பன்னிரண்டு வருஷத்தில் என் பேய் மதம் மாறியிருந்தது. தொழில் மட்டும் மாறவில்லை, இன்னும் குழந்தைகளைத்தான் பயமுறுத்திக்கொண்டிருந்தது.

அப்போது நாங்கள் திருப்பூரில் வீரபாண்டிப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பா நிட்டிங் மெஷின் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை சபையில் டிரம்ஸ் அடித்தார். அம்மா ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பனியன்களை மேஜையில் விரித்து, முன்னும் பின்னும் புரட்டி, தையல் விட்டதா, ஓட்டை இருக்கிறதா, பிரிண்ட் சரியாக விழுந்ததா என்று பார்ப்பதுதான் வேலை. தப்பு இருக்கும் இடத்தில் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அம்மாவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. சூப்பர்வைசர்கள் பாஸ் பண்ணிய பீஸையே திருப்பி எடுத்து வந்து காட்டுவார் என்று கம்பெனியில் அவருக்குப் பேர் உண்டு.

வருஷத்தில் ஒரு சீசன் அந்தக் கம்பெனியில் 'பேய் ஆர்டர்' ஓடும். எந்த நாட்டிலோ குழந்தைகள் பேய் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகிற பண்டிகை. அதற்காகச் சின்னச் சின்ன டிசர்ட்டுகள். முன்பக்கம் எலும்புக்கூடு, துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரி, கொம்பு வைத்த பிசாசு. அம்மா நாள் முழுக்க நின்றுகொண்டு அந்தப் பிசாசுகளின் கொம்பு நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து, டிவியில் பறக்கும் பூனை ஒன்றைக் கண்டால் பட்டென்று அணைப்பார். "பிசாசுக்கு நாமளே கதவத் தொறந்து உடக்கூடாது கண்ணு" என்பார். நீங்கள் கம்பெனியில் பார்ப்பது மட்டும் என்ன என்று ஒரு முறை கேட்டேன். "அது வேற. அது டிசைன்" என்றார்.

இந்த நியாயம் எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை. பள்ளி ஆண்டு விழாவில் நான் தேவதை வேஷம் போட இருந்தேன். வெள்ளைக் கவுன், அட்டை இறக்கை. அப்பா கேள்விப்பட்டு வந்து கூடாது என்றார். அதே கவுன், அதே இறக்கையோடு சபையின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் தேவதூதனாக நின்றேன், அவரே முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்.

அந்தப் பேய் ஆர்டரில் ரிஜெக்ட் ஆன ஒரு டிசர்ட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. திருப்பூரில் பாதி வீடுகளில் பிள்ளைகள் வீட்டில் போடுவது ரிஜெக்ட் பீஸ்தான், அதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. என்னுடையதில் கொம்பு வைத்த பிசாசு. பிரிண்ட் அடிக்கும்போது மஞ்சள் கலர் ஸ்கிரீன் ஒரு பக்கம் அடைத்துக்கொண்டதால் அதற்கு ஒரு கண் விழவில்லை. வெள்ளைக் கலர் நகர்ந்துபோய், பல் வரிசை வாயில் இல்லாமல் கன்னத்துக்கு அந்தப் பக்கம் தனியாகச் சிரித்தது. நெற்றியில் ஒரு அம்புக்குறி ஸ்டிக்கரும் இருந்தது, அம்மாவே ஒட்டியது. அதைப் பிய்த்துவிட்டு நான் போட்டுக்கொண்டேன். தினமும் அதைத்தான் போட்டுக்கொண்டு முழங்காலில் நின்று குடும்ப ஜெபம் செய்தேன். பிசாசின் தந்திரங்களிலிருந்து எங்களைக் காத்தருளும் என்று அப்பா கண்ணை மூடிச் சொல்லும்போது, பிசாசு என் வயிற்றின் மேல் ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்திருந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

ஐந்தாம் வகுப்பில் எங்களுக்கு ஒரு தமிழ் டீச்சர் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், புருஷன் சாயப்பட்டறை வேலைக்கு வந்ததால் இங்கே வந்தவர். பள்ளியில் லைப்ரரி என்று தனியாக அறை கிடையாது. ஆபீஸ் ரூமில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பீரோ இருந்தது. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுக் கண்டுபிடித்துத் திறந்த முதல் ஆள் இவர்தான். எனக்கு ஒரு புத்தகம் எடுத்துக் கொடுத்தார். வற்றிப்போன கிணற்றுக்குள் ஒரு ஊர். அங்கே ஒரு சூனியக்காரி ஊர் மழையையெல்லாம் பிடித்துப் பானையில் அடைத்து வைத்திருக்கிறாள். மழையை மீட்டுவர என் வயசுப் பெண் ஒருத்தி கயிறு கட்டி உள்ளே இறங்குகிறாள். "முடிச்சுட்டு வந்து நீதான் எனக்குக் கதை சொல்லணும், என்னட்டி?" என்றார் டீச்சர். என்னிடம் யாரும் அதற்கு முன்னால் கதை கேட்டதில்லை.

முக்கால்வாசி படித்திருந்தேன். அந்தப் பெண் பானைகள் இருக்கும் அறைக்கு வந்துவிட்டாள், எந்தப் பானையில் மழை, எதில் இடி என்று தெரியாமல் நிற்கிறாள். அந்த இடத்தில் அம்மா புத்தகத்தைப் பார்த்துவிட்டார்.

அவர் கத்தவில்லை. புத்தகத்தை வாங்கி, கட்டிலில் விரித்து வைத்து, முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார். கம்பெனி பையிலிருந்து ஸ்டிக்கர் தாளை எடுத்தார். சூனியக்காரி வரும் வரியில் ஒரு அம்புக்குறி. மந்திரம் சொல்லும் இடத்தில் ஒன்று. ஆமை பேசுவதற்கு ஒன்று. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிப் புத்தகத்திலேயே ஸ்டிக்கர் தீர்ந்துவிட்டது. மூடி வைத்துவிட்டு, "பூரா தப்பு" என்றார். பீஸைத் தள்ளிவிடும் அதே குரல்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் புத்தகமும் வந்தது, நானும் போனேன். சாட்சி சொல்லும் நேரத்தில் நான் எழுந்து, தெரியாமல் படித்துவிட்டேன், இனிமேல் படிக்க மாட்டேன், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று மூன்று வரி சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. சொன்னேன். உட்காரப் போனேன். பாஸ்டர் மைக்கை வாங்கிக்கொள்ளவில்லை. "அந்தப் புஸ்தகம் படிச்சப்பறம் உனக்கு என்ன ஆச்சு சாமி? பயப்படாமச் சொல்லு" என்றார்.

என்ன ஆயிற்று? நன்றாக இருந்தது. அதுதான் ஆயிற்று. ஆனால் அறுபது எழுபது முகங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்த முகங்களுக்கு என்ன வேண்டும் என்பது பத்து வயசில் எனக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. இதை எழுதும்போதும் கூசுகிறது.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் கரண்ட் போயிருச்சுங்க" என்று ஆரம்பித்தேன். "புஸ்தகத்துக்குள்ள இருந்து ஒண்ணு வந்துச்சுங்க. கொம்பு இருந்துச்சு. ஒரு கண்ணுதான் இருந்துச்சு. இன்னொரு கண்ணு இருக்கற எடம் சும்மா இருந்துச்சுங்க." நிறுத்தினேன். முன்வரிசைப் பாட்டி ஒருத்தி வாயில் சேலையை வைத்துக்கொண்டாள். "பல்லு வாயில இல்லீங்க. வாய்க்கு அந்தப் பக்கம், தனியா இருந்துச்சு."

இப்படி ஒரு பேயை அவர்கள் அதுவரை கேள்விப்பட்டதில்லை. கொம்பும் வாலும் எல்லோருக்கும் தெரியும். கண் இருக்கும் இடத்தில் ஒன்றுமே இல்லை என்பதும், பல் தனியாக நிற்பதும் குழந்தை கற்பனை செய்கிற சமாசாரமா? பாஸ்டர் என் தலையில் கை வைத்தார். பிறகு அல்லேலூயா என்று கூரையே அதிர்ந்தது. அப்பா அழுதுகொண்டே டிரம்ஸ் அடித்தார். அம்மா பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தார். அவர் என்னைத்தான் பார்த்தார், ஆனால் அழவில்லை. கூட்டம் முடிந்ததும் சபைக்குப் பின்னால் காலி இடத்தில் பனியன் வேஸ்ட்டைக் குவித்து, அதன் மேல் புத்தகத்தைப் போட்டு எரித்தார்கள். ஸ்டிக்கர்கள் முதலில் சுருண்டன.

அந்த வாரமே டிசர்ட்டைக் காணவில்லை. கொடியில் தேடினேன், பெட்டியில் தேடினேன். "சின்னதாப் போச்சு கண்ணு, குடுத்துட்டேன்" என்றார் அம்மா. எனக்கு அது தொளதொளவென்று தொடை வரை தொங்கும். இருந்தாலும் கேட்கவில்லை. பேயைத் திருடிய இடம் காணாமல் போனதில் எனக்கும் நிம்மதிதான்.

அப்புறம் என்னை ஊர் ஊராகக் கூட்டிப் போனார்கள். வெள்ளகோவிலில் ஒருவர் போனில் படம் பிடித்தார், இப்போது சுற்றுவது அதுதான். கொமரலிங்கத்தில் வயல் ஓரம் பந்தல் போட்டு ஜனம் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு ஊரிலும் பேய் கொஞ்சம் வளர்ந்தது. கொமரலிங்கம் போனபோது அது என் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்திருந்தது. கதை படிக்காதே என்று சொன்னவர்கள்தான் என்னை நாற்காலி மேல் ஏற்றிக் கதை சொல்ல வைத்தார்கள். நான் நன்றாகவே சொன்னேன். இன்னும் பச்சையாகச் சொன்னால், எனக்கு அது பிடித்திருந்தது.

அம்மாவுக்கும் இடம் மாறியது. கடைசி வரிசைப் பாயிலிருந்து முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிக்கு வந்தார். போகிற ஊரிலெல்லாம் 'சாட்சி சொன்ன பாப்பாவோட அம்மா' என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். வாரம் ஆறு நாள் நின்றே வேலை பார்க்கிறவரை யாரோ முதன்முறையாக, உட்காருங்க என்றார்கள்.

விஷயம் பள்ளிக்கூடத்துக்குப் போக ரொம்ப நாள் ஆகவில்லை. சபைக்காரர்கள் நாலு பேர் போனார்கள். அவர்களை மட்டும் என்றால் தாளாளர் காப்பி கொடுத்து அனுப்பியிருப்பார், அவர் தினமும் விபூதி இல்லாமல் வெளியே வராதவர். ஆனால் கூடவே பழனிக்கு மாலை போட்ட அப்பாக்கள் சிலரும் போய் நின்றார்கள். "எந்தச் சாமியக் கும்பிட்டா என்னுங்க, பேய் பேய்தானுங்களே" என்றாராம் ஒருவர். மற்ற நேரத்தில் ஒருவர் வீட்டுப் பலகாரத்தை ஒருவர் தொடாதவர்கள். ஒரு கண்ணாடிப் பீரோவுக்கு எதிராக அத்தனை பேரும் ஒன்றாய்ச் சேர்ந்துகொண்டார்கள்.

என்னை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். டீச்சர் பீரோவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "இந்த டீச்சர்தான் அந்தப் புஸ்தகத்தக் குடுத்தாங்களா கண்ணு?" என்று தாளாளர் கேட்டார். தலையாட்டினேன். "அதப் படிச்சுத்தான் உனக்கு அப்படி ஆச்சா?" அதற்கும் தலையாட்டினேன். டீச்சர் என்னைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது, வாய் ஏதோ கேட்க வந்து நின்றுவிட்டது. என்னைக் காறித் துப்ப நினைத்து அடக்கிக்கொள்கிறார் என்று நினைத்தேன். அடுத்த திங்கட்கிழமை வேறு டீச்சர் வந்தார். பீரோவுக்குப் புதுப் பூட்டு வந்தது.

அதன் பிறகு நான் கதை படித்ததில்லை. பயத்தால் இல்லை. பானைகளின் முன்னால் ஒரு பெண்ணை நிற்க வைத்துவிட்டு வந்திருந்தேன், இன்னொரு கதைக்குள் போக எனக்கு முகம் இல்லை.

படித்தேன், கம்பெனியில் சேர்ந்தேன், இப்போது பிரிண்டிங் குவாலிட்டி பார்க்கிறேன். அம்மாவின் கண் எனக்கும் வாய்த்திருக்கிறது என்று சொல்கிறார்கள். வருஷா வருஷம் பேய் ஆர்டர் என் மேஜைக்கும் வருகிறது.

அன்று அந்த அக்காவிடம் சொல்லிவிட்டேன். "அந்தப் பாப்பா நான்தாங்க. அது பொய்யிங்க. பேயெல்லாம் வரல. பையன்கிட்டச் சொல்லிடுங்க." அக்கா போனையும் என் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மூக்குக்குப் பக்கத்து மச்சத்தை வைத்துக் கண்டுபிடித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்பேர்ப்பட்ட கண்டத்துல இருந்து தப்பிச்சு வந்திருக்கீங்க. ஒருநா ஊட்டுக்கு வந்து என்ற பையன்கிட்ட நேர்ல சொல்லுங்க" என்றார். பொய் என்று மறுபடியும் சொன்னேன். "அதெல்லாம் ஞாபகத்துல வராதுங்க, அதான் நல்லது" என்று சமாதானம் சொன்னார்.

ஒருத்தராவது நம்ப வேண்டும் என்று தோன்றியது. அந்த ஞாயிற்றுக்கிழமை, சபை முடிந்து வந்து அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது போய் எதிரில் உட்கார்ந்தேன். முட்டி வலியால் வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது அவருக்கு. அப்பா பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அந்தச் சாட்சி பொய்ம்மா. நானாச் சொன்னது."

அவர் நிமிரவில்லை. "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"ஒரு கண்ணு, பல்லு தள்ளி. அந்தப் பீஸச் செக் பண்ணுனதே நாந்தான கண்ணு. நீ வாயத் தொறந்த ஒடனே தெரிஞ்சுது."

டிசர்ட்டு எங்கே போயிற்று என்று இப்போது கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவரே சொன்னார், கிழித்துக் கம்பெனியில் மெஷின் துடைக்கப் போட்டுவிட்டாராம்.

"அப்பவே சொல்லியிருக்கலாமில்லீங்கம்மா."

"அத்தன பேரு அழுதாங்க. உங்கொப்பன் அழுதாரு. அதுக்கு நடுவுல நான் ஒருத்தி எந்திரிச்சு, இது எங்க கம்பெனி பிரிண்டுங்கன்னு சொல்லோணுமா?" வெங்காயத் தோலை ஊதித் தள்ளினார். "அப்பறம் சேரெல்லாம் போட்டாங்க."

எனக்குக் கோபம் வந்தது. பன்னிரண்டு வருஷமாக என்மேல் மட்டும் வைத்திருந்த கோபத்தில் பாதியை எடுத்து அவர்மேல் வைத்தேன். "அந்த டீச்சருக்கு வேல போச்சும்மா" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா. ஊட்டுக்கு வந்தாங்களே."

எனக்கு அது தெரியாது. வேலையை விட்டு நிறுத்திய வாரத்தில், நான் பள்ளியில் இருந்த நேரம், டீச்சர் விலாசம் விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். அம்மா அன்று லீவு. சண்டை போட வந்திருக்கிறார் என்று அம்மா கதவைப் பாதி சாத்திக்கொண்டே பேசினாராம். டீச்சர் வாசலில் நின்றபடியே, பாப்பா இப்போது நன்றாகத் தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா என்று கேட்டிருக்கிறார்.

"அவங்களும் நம்பிட்டாங்க கண்ணு. பிள்ளைக்கு இப்பிடி ஆவும்னு தெரியாமக் குடுத்துட்டேங்கன்னு என்ற கையப் புடிச்சுட்டு அழுதாங்க. இனிமே எந்தப் பிள்ளைக்கும் கதைப் பொஸ்தகமே குடுக்க மாட்டேன்னாங்க."

ஆபீஸ் ரூமில் அந்தக் கண்கள் எதற்காக நிறைந்திருந்தன, அந்த வாய் என்ன கேட்க வந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நீங்க என்ன சொன்னீங்கம்மா?"

அம்மா உரித்த வெங்காயத்தையெல்லாம் கிண்ணத்தில் அள்ளிப் போட்டார். எழுந்திருக்க முட்டியில் கை ஊன்றினார்.

"உள்ள கூப்புட்டு உக்கார வெச்சு, காப்பி வெச்சுக் குடுத்தேன்" என்றார்.